காலி அறைக்கு விழுந்த சிரிப்பு

படம் ஓடும்போது அவன் படத்தைப் பார்ப்பதில்லை.

முதலில் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் வைப்பான். வசனம் திரையின் அடியில் எழுத்தாக ஓடும்படி வைத்து, சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்குவான். இறக்கியதோடு விடாமல், சத்தம் ஏற்றும் பொத்தானின் மேல் விரல்நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டுவான். தவறிக்கூடக் கை பட்டுவிடக் கூடாது. பிறகு தன் நாற்காலியைத் திரைக்குப் பக்கவாட்டில் இழுத்துப்போட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் அக்காவின் முகம் முழுசாகத் தெரிகிறதா என்று தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்துக்கொள்வான். மடியில் கோடு போட்ட தாள், கையில் பென்சில், முழங்காலின் மேல் கைப்பேசியில் ஓடும் கடிகாரம். அக்காவின் உதட்டோரம் அசைந்தால் ஒரு புள்ளி. பல் தெரிந்தால் ஒரு டிக். கையிலிருக்கும் துணியை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தால் டிக்கின் மேல் ஒரு குறுக்குக்கோடு. பக்கத்திலேயே நிமிஷமும் நொடியும். இருபத்திரண்டு நிமிஷத்துக்கு ஒரு தாள். தாள் நிறைந்தால் தொடர் தேறும். வெள்ளையாகவே இருந்தால் தேறாது. அவ்வளவுதான் அவனுடைய வித்தை.

இந்த வித்தை அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அங்கே அவனுக்குப் பெயர் கறார். வெளியூர் அனிமே தொடர்களை வாங்கித் தமிழில் டப்பிங் செய்து கைப்பேசிகளுக்கு விடுகிற ஒரு சின்ன கம்பெனி அது. வாங்குவதற்கு முன்னால் மூன்று பேர் பார்த்து மார்க் போட வேண்டும். ஒருவர் பிரிவுத் தலைவி, எல்லோருக்கும் மேடம். இன்னொருவர் எதைக் காட்டினாலும் பத்துக்கு ஒன்பது போடுகிற பெரியவர். அதனாலேயே அவர் சர்க்கரை. மூன்றாவது ஆள் கறார். சர்க்கரையின் மார்க்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கறார் ஆறு போட்டால் மேடம் வாங்கச் சொல்லிவிடுவார். சண்டைத் தொடர், மந்திரத் தொடர் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தார்கள். இவனுடைய பங்கு, அலுவலகத்தில் சும்மா தொடர் என்று சொல்லப்படுகிற வகை. நாலு பேர் ஒரு வீட்டில் இருப்பார்கள், ஒருத்தி குடையைத் தொலைப்பாள், இன்னொருத்தி அதைத் தேடுவாள், மழை நின்றுவிடும். எதுவும் நடக்காது. ஆனால் சிரிப்பு வந்தாக வேண்டும்.

எதுவும் நடக்காத கதைக்கு மார்க் போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. பாட்டு வந்து முதுகில் தட்டும், பின்னால் ஒரு டொய்ங் சத்தம் வரும், சிரிக்கணும் போலிருக்கே என்று நாமும் சிரித்துவைப்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் அப்படி ஏமாந்திருக்கிறான். முடிதிருத்தும் கடை ஒன்றைப் பற்றிய தொடருக்கு எட்டு போட்டு, கம்பெனி வாங்கி, நாய்கூடச் சீண்டவில்லை. அந்தத் தொடரை அவன் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்கே அக்கா பின்னால் வந்து நின்று பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தாள். அடுத்த தொடரை அவளை உட்காரவைத்தே பார்த்தான். ஒரு சமையல்காரன் முழங்கையால் அலமாரிக் கதவைச் சாத்துகிற இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கால்சட்டை கீழே விழுந்தது. அந்தத் தொடர் மூன்று வருஷம் ஓடியது. சத்தம் இல்லாமல் வருகிற சிரிப்புதான் சிரிப்பு என்று அன்றைக்கு அவன் முடிவு கட்டினான்.

அக்காவுக்குக் காது கேட்காது.

பிறவியிலிருந்து இல்லை. அம்மா போனபோது அவனுக்குப் பதினொன்று, அக்காவுக்குப் பதினேழு. அப்பா அதற்கு முன்பே வேறு வீடு பார்த்துக்கொண்டவர். துணிக்கடைகளுக்குக் கால்சட்டை மடிப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது என்று ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு அவள் இவனை ஆளாக்கினாள். முப்பத்தோராம் வயதில் ஒரு காய்ச்சல் வந்து ஒன்பது நாள் படுத்தது. பத்தாம் நாள் காலை அவன் டீ வேணுமா என்று கேட்டிருக்கிறான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னடா கோபம், பேச மாட்டேன் என்கிறாய் என்று கேட்டாள். அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம். மூஞ்சியை நேராக வைத்துக்கொண்டு பேச வேண்டும். அடுப்பைப் பார்த்துக்கொண்டோ சன்னலைப் பார்த்துக்கொண்டோ பேசக் கூடாது. அவள் உதட்டைப் படித்துக்கொள்வாள். அவளுடைய பேச்சு மட்டும் வருஷம் ஆக ஆக ஏற்ற இறக்கம் தேய்ந்து, இஸ்திரி போட்ட துணிபோல் ஒரே தட்டையாக ஆகிவிட்டது. மற்றபடி அவளுடைய வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அலுவலகத்தில் இவனைப் புகழ்ந்தார்கள் என்று கேள்விப்பட்டால், என் மூஞ்சியை விற்றுச் சம்பாதிக்கிறவன் என்று இவன் தலையில் ஒரு தட்டு தட்டுவாள்.

காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷனுக்குப் பதிந்துவிட்டு அவள் காத்திருந்தது ஆறு வருஷம். அந்த மருத்துவமனையில் வருஷத்துக்குச் சிலருக்குத்தான் செய்வார்கள். முறை வந்துவிட்டதென்று கடிதம் வந்த அன்றைக்கு அவள் நூல்கண்டுகளை எல்லாம் நிறவாரியாக அடுக்கிவைத்தாள். சந்தோஷம் வந்தால் அவள் செய்கிற காரியம் அது. அடுக்கிக்கொண்டே இவனைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச உன் குரல் இருபத்தஞ்சு வயசுப் பையன் குரல்டா. இப்ப எப்படி இருக்கும்? கிழடு தட்டியிருக்குமா?"

அவன் மூஞ்சியை நேராக வைத்துக்கொண்டு, இல்லை, இன்னும் இனிமையாகிவிட்டது என்றான். அவள் நம்பவில்லை.

அந்தக் கடிதம் வந்து பத்து நாள் கழித்துத்தான் மாடிவீட்டுத் தொடர் அவன் மேசைக்கு வந்தது.

பதின்மூன்று எபிசோட். ஒரு சலவைக்கடையின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் நான்கு பெண்கள். ஒருத்தி தபால் பிரிப்பவள், ஒருத்தி செருப்புக்கடையில் நிற்பவள், ஒருத்தி பல் டாக்டரிடம் உதவிக்கு இருப்பவள், நாலாமவள் என்ன செய்கிறாள் என்பது கடைசிவரை தெரியாது, அதுவே ஒரு ஜோக். இரண்டாவது எபிசோட் முழுக்க, சோப்பைக் கரைத்தது யார் என்ற ஒரே விசாரணை. புதன்கிழமைகளில் வீட்டிலிருந்து வேலை பார்க்க அவனுக்கு அனுமதி உண்டு. முதல் புதன் காலை ஒன்பது மணிக்கு, வெயில் மேசையின் பாதிவரை வந்திருந்தபோது, பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு உட்கார்ந்தான்.

அக்கா ஒரு நீலப் பாவாடையின் அடிமடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தொடர் நன்றாகவே போனது. முதல் எட்டு நிமிஷத்தில் மூன்று புள்ளி, இரண்டு டிக். ஒன்பதாவது நிமிஷத்தில் அவள் துணியை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தாள். அவன் குறுக்குக்கோடு போட்டுவிட்டு, அப்படி என்ன ஜோக் என்று திரையைத் திரும்பிப் பார்த்தான்.

நான்கு ஜோடிச் செருப்பு. வாசலில். ஆள் யாரும் இல்லை.

இந்த மாதிரித் தொடர்களில் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே இப்படி ஒரு காலி இடத்தைக் காட்டுவது வழக்கம். ஒரு சன்னல், ஒரு கெட்டில், கொடியில் ஆடும் துணி. மூச்சு விட்டுக்கொள்வதற்காக இரண்டு நொடி, மூன்று நொடி. இதில் ஏழு நொடி நின்றது. முந்தைய காட்சியின் சிரிப்பு அவளுக்குத் தாமதமாக வந்திருக்கும் என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டான்.

அந்தக் கேள்விக்குறி அன்றைக்கே பதினேழு ஆனது. மாடிப்படியும் ஈரக் குடையும். டிக். எரியாத அடுப்பு. டிக், குறுக்குக்கோடு. பெண்கள் பேசுகிற இடத்திலும் அவள் சிரித்தாள். ஆனால் அவர்கள் வெளியே போய்க் கதவு சாத்தியதும் அவள் முகம் லேசாக முன்னுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி ரகசியம் சொல்ல வரும்போது வருமே, அப்படி. நாலாவது எபிசோடில், ஆளில்லாத சமையலறை ஒன்று நின்றுகொண்டிருந்தபோது அவன் படத்தை நிறுத்தினான்.

"ஏன்டா பாதியில நிறுத்துற?" என்றாள் அக்கா.

"எதை?"

"அவ சொல்லிட்டிருக்கா இல்ல."

அவன் திரையைப் பார்த்தான். ஒரு தொட்டி, ஒரு துணி, ஒரு குழாய். அடியில் எழுத்துக்கூட இல்லை. யார் என்று வாயை நன்றாக அசைத்துக் கேட்டான். வீட்டுக்காரம்மா என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. படத்தில் வீட்டுக்காரம்மா என்று யாருமே இல்லையே என்றான். அவள் படத்தில் வரமாட்டாள், பேச மட்டும்தான் செய்வாள் என்று சொல்லிக்கொண்டே போன அக்கா, சொல்லி முடிப்பதற்குள் தானே நின்றுபோனாள். தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை மேசைமேல் மெதுவாக வைத்தாள். அவளுடைய வலதுகை தானாகக் காதுக்குப் போய், அங்கே என்ன செய்வதென்று தெரியாததுபோல் முடியை ஒதுக்கிவிட்டுத் திரும்பியது.

"உனக்குக் கேக்குதா அக்கா?"

"கேக்கல." கத்தியை இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தாள். "கேக்கலடா. ஆனா சொல்றா. என்ன சொல்றான்னு கேட்டா எனக்கு வராது. சிரிப்பு மட்டும் வருது."

அவன் பிளாஸ்திரியை உரித்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தச் சமையலறையை முழுச் சத்தத்தில் ஓட்டினான். மெல்லிய பியானோ. ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி ஓர் உறுமல். அதற்கடியில் ஒன்றுமில்லை. செருப்புக்குப் போனான், படிக்குப் போனான். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை அவ்வளவு கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற சத்தமே கேட்க ஆரம்பித்துவிடுகிறது. கழற்றி வைத்தான்.

மார்க் போடுகிறவனுக்குச் சோதித்துப் பார்க்காமல் தூக்கம் வராது. இரண்டாவது புதனன்று, வேறொரு தொடரிலிருந்து காலி அறைகளாக வெட்டிவைத்திருந்ததை முதலில் ஓட்டினான். அக்கா பாட்டுக்குத் தையல் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு புள்ளிகூட விழவில்லை. பிறகு மாடிவீட்டை ஓட்டி, லேப்டாப்பை அவளுக்கு முதுகு காட்டித் திருப்பிவைத்தான். அப்போதும் ஒன்றுமில்லை, என்ன விளையாட்டு இது என்று திட்டினாள். திரையை அவள் பக்கம் திருப்பியதும் சிரிப்பு வந்தது. கடைசியாக, ஒன்பதாவது எபிசோடுவரை முடித்துவிட்டு, முதல் எபிசோடையே மறுபடி காட்டினான். அவள் அதே செருப்புக்கு, அதே படிக்கு, அதே அடுப்புக்குச் சிரித்தாள். ஆனால் போன வாரத்துச் சிரிப்பு இல்லை. மாமா ஒரே ஜோக்கை இரண்டாம் தடவை சொல்லும்போது மரியாதைக்குச் சிரிப்போமே, அந்த மாதிரி. போன வாரம் குறுக்குக்கோடு விழுந்த இடமெல்லாம் இப்போது வெறும் புள்ளி.

அதைப் பார்த்தபோதுதான் அவனுக்குக் கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது. நல்ல வெயில் நேரம். கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

அலுவலகத்தில் சர்க்கரையிடம் சுற்றிவளைத்து விசாரித்துப் பார்த்தான். அந்தக் காலி அறைகளைப் பற்றி என்ன நினைக்கிறார். சர்க்கரை டீயை ஊதிக்கொண்டே, அந்த இடம் வரும்போதெல்லாம் மாமியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது, காலை நீட்டக்கூட முடியவில்லை என்றார். எத்தனை மார்க் என்று கேட்டான். ஒன்பது என்றார். காலை நீட்ட முடியாததற்கு ஒரு மார்க் குறைத்துவிட்டாராம்.

ஆபரேஷனுக்கு முந்தைய கடைசிச் சந்திப்பு வெள்ளிக்கிழமை. அதற்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். நாற்பது கேள்வி. தலைசுற்றல் உண்டா, காதில் இரைச்சல் உண்டா என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் முப்பத்து மூன்றாவது கேள்வி, இல்லாத குரல் கேட்பதுண்டா. அக்கா எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டு அதில் மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு இவனைப் பார்த்தாள். கேட்கவில்லை என்றுதானே சொன்னாய், இல்லை என்று எழுது என்றான் அவன். எழுதினாள். எழுதிவிட்டு, இதை டாக்டரிடம் நீ ஒன்றும் சொல்லப்போவதில்லையே என்று கேட்டாள். மாட்டேன் என்று தலையாட்டினான். வாயைத் திறந்து சொல்லு என்றாள். சொன்னான்.

மூன்றாவது புதன் வந்திருக்காவிட்டால் அந்தச் சொல்லை அவன் காப்பாற்றியிருப்பான்.

அன்றைக்கு மீதி நான்கு எபிசோட். கடைசி எபிசோடில் நான்கு பெண்களும் ஒரு வாரம் கடற்கரைக்குக் கிளம்புகிறார்கள். பெட்டி மூடவில்லை, ஒருத்தி மேலே ஏறி உட்காருகிறாள். நல்ல ஜோக், டிக். கிளம்பிப் போகிறார்கள். கதவு சாத்துகிறது. வாசல்கதவின் உட்பக்கம், தாழ்ப்பாள், ஒரு வெயில் கீற்று. அது நின்றது. ஏழு நொடி தாண்டியும் நின்றது. அவன் பென்சிலைத் தயாராகப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

அவள் சிரிக்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கேட்டுக்கொண்டிருக்கிறவள் முகத்தோடு இருந்தாள். பதினோரு வருஷமாக அவன் பார்க்காத முகம் அது. ஒருவர் உதட்டைப் படிக்கும்போது அவளுடைய கண் இடுங்கும். இப்போது கண் எங்கோ இருந்தது. பிறகு கதவைப் பார்த்து, அந்தத் தட்டைக் குரலில், யாரோ வாசலில் நிற்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"நான் பாத்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

கதவு மறைந்து பெயர்ப்பட்டியல் ஓட ஆரம்பித்தது. அக்கா மடியிலிருந்த துணியை எடுத்து நூலைக் கடித்தாள். அவள் சொன்னது அவளுக்கே நினைவிருப்பதாகத் தெரியவில்லை. அவன் தாளில் அந்த நேரத்துக்கு நேராக என்ன குறி போடுவதென்று தெரியாமல் அவள் சொன்னதை அப்படியே எழுதிவைத்தான். எழுதும்போது பென்சில் முனை உடைந்தது. எழுந்துபோய் வாசல்கதவைத் திறந்து பார்த்தான். படியில் யாரும் இல்லை. திறந்ததற்கு வெட்கப்பட்டுக்கொண்டு சாத்தினான்.

சிரித்தால் போகிறது என்று விடலாம். பதில் சொன்னால் எப்படி விடுவது? அன்று முழுக்க அவன் இதையே புரட்டிக்கொண்டிருந்தான். மண்டையைத் திறந்து கருவி வைக்கப்போகிறார்கள். தப்பாகப் போனால்? இவன் வாயை மூடிக்கொண்டிருந்ததால் ஒன்று ஆகிவிட்டால்? மறுநாள் வியாழக்கிழமை மார்க் தாளைக் கொடுத்தான். கதை ஆறு, ஓவியம் ஏழு, சிரிப்பு மூன்று. குறிப்பு என்ற இடத்தில், எபிசோடுக்கு ஆறேழு காலி அறைகள், ஒவ்வொன்றும் நீளம், யாருக்காக என்று தெரியவில்லை, வாங்க வேண்டாம் என்று எழுதினான். உண்மையான தாளில் சிரிப்பு நிறைந்து வழிந்தது. அவனுடைய வேலையில் அவன் எழுதிய ஒரே பொய் அதுதான். அந்தத் தொடர் இன்னொரு நாள் தன் வீட்டில் ஓடக் கூடாது என்பதைத் தவிர அவனுக்கு வேறு எண்ணம் இல்லை. மேடம் படித்துப் பார்த்துவிட்டு, கறார் சொன்னால் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை. காது டாக்டர் இளவயதுக்காரர், மூஞ்சியை நேராக வைத்துப் பேசக் கற்றவர். அக்கா அவருடைய உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னாள். படிவத்தைப் புரட்டிக்கொண்டு வந்தவர் முப்பத்து மூன்றில் நின்று, குரல் எதுவும் கேட்பதில்லையே என்றார். இல்லை என்றாள். அதை வழக்கமாகக் கூட இருப்பவரிடமும் கேட்பார்கள் போலிருக்கிறது. டாக்டர் இவன் பக்கம் திரும்பி, நீங்கள் எதையாவது கவனித்தீர்களா என்றார்.

அக்காவும் திரும்பினாள். அவளுடைய கண் அவன் உதட்டுக்கு வந்து நின்றது.

அந்த அறையில் இடதுபக்கம் ஒரு சன்னல் இருந்தது. வெளியே வண்டிகள் நிறுத்துமிடம். ஒரு வெள்ளை வேன் பின்னால் போக வழி தெரியாமல் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தது. அவன் அந்த வேனைப் பார்த்துக்கொண்டு, ஒரு படத்தில் இல்லாத ஒருத்தி பேசுவதாக அக்கா சொல்கிறாள், நேற்று முன்தினம் அவளுக்குப் பதிலும் சொன்னாள் என்று சொல்லி முடித்தான்.

திரும்பியபோது அக்கா அவனைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் படிக்க வேண்டியது எல்லாம் அங்கே இருந்தது.

டாக்டர் கெட்டவர் இல்லை. பயப்படும்படி ஒன்றும் இருக்காது, ஆனால் மனநல டாக்டர் பார்த்து எழுதிக்கொடுக்காமல் இனி கை வைக்க முடியாது என்று இருவரையும் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அதற்கு ஆறு வாரமாவது ஆகும். அதற்குள் இந்த முறை அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி எப்போது என்று அக்கா கேட்டாள். ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்றார். அவள் படிவத்தை வாங்கி, மடிப்புக் கலையாமல் இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

பஸ்ஸில் அவன் எத்தனையோ சொன்னான். மூஞ்சியை நேராக வைத்துக்கொண்டுதான் சொன்னான். உன் நல்லதுக்குத்தான் என்றான், பயந்துவிட்டேன் என்றான், நான் வேறு யாரிடம் போவேன் என்றான். அவள் எல்லாவற்றையும் படித்தாள்; அவள் கண் இடுங்கியிருந்ததிலிருந்து அது தெரிந்தது. இறங்கும் இடம் வந்தபோது சொன்னாள்.

"நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல. மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட பாரு. அது போதும்."

அடுத்த புதன் அவன் லேப்டாப்பை வைத்துப் பிளாஸ்திரியை ஒட்டியபோது, அவள் தையல் மெஷினைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இங்கேதான் நன்றாக விழுகிறது என்றாள். அங்கே வெளிச்சமே இல்லை. சண்டை ஒன்றும் போடவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள், சட்டையில் பொத்தான் விட்டுப்போயிருந்தால் வைத்துக்கொடுத்தாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவனுக்குக் கிடைத்ததெல்லாம் முதுகு. அதற்குப் புள்ளி வைக்க முடியாது. அதற்கப்புறம் வந்த தொடர்களுக்கெல்லாம் அவன் ஐந்து போட்டான். ஐந்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. அலுவலகத்தில் கறார் இளகிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

மனநல டாக்டர் அக்காவை இரண்டு தடவை பார்த்துவிட்டு, இவளுக்கு ஒன்றுமில்லை, தம்பிக்குத்தான் தூக்கம் போதாத முகமாக இருக்கிறது என்று எழுதாத குறையாகச் சொல்லி அனுப்பினார். முறை அதற்குள் போயிருந்தது.

இரண்டு மாதம் கழித்து, சர்க்கரை பழைய காப்பிகளை அழிப்பதற்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். மாடிவீட்டுத் தொடரின் பேருக்கு நேரே இரண்டு காப்பி இருந்தது. ஒன்று நாம் பார்த்தது, மற்றது என்ன என்று அவர் கேட்க, மேடம் நினைவுபடுத்திக்கொண்டு, அது தப்பான காப்பியை அனுப்பிவிட்டதாகச் சொல்லித் தொடரை விற்பவர்கள் பின்னால் அனுப்பிய மாற்று, வந்து சேர்வதற்குள் நாம்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டோமே என்று திறக்கவில்லை என்றார். கூடவே ஒரு கடிதம். முதல் காப்பியில் ஒரு பாத்திரத்தின் குரல் ட்ராக்கும் அதன் எழுத்தும் மட்டும் விடுபட்டிருக்கின்றன, பேச்சுப் பட்டியலை மொழிபெயர்த்து இணைத்திருக்கிறோம், சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று இரண்டே வரி. அவன் அதை வாங்கித் தேதியைப் பார்த்தான். அவன் மருத்துவமனைக்குப் போன வெள்ளிக்கு மூன்று நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை.

பேச்சுப் பட்டியலை அவன் வீட்டுக்கு எடுத்துப் போனான். சாப்பாட்டு மேசையில் அதை ஒரு பக்கமும், பென்சில் தாள்களை மறுபக்கமும் விரித்தான். அக்கா சுவரைப் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். படத்தில் முகம் காட்டாத ஒரே ஒரு பாத்திரம். பட்டியலில் அவளுக்கு வீட்டுக்காரம்மா என்றே பெயர். குடியிருப்பவர்கள் வெளியே போனதும் காலி அறைகளில் அவள் குறைப்பட்டுக்கொள்வாள். செருப்பை இப்படியா விடுவது, சோப்பைக் கரைத்தது நான்தான் ஆனால் சொல்லமாட்டேன், இப்படி. எண்பத்தெட்டு இடம். எண்பத்தேழில் நொடி பிசகாமல் அவனுடைய கேள்விக்குறிகள் இருந்தன. இதை எடுத்துக்கொண்டு எந்த டாக்டரிடம் போய் என்ன சொல்வது என்று அவன் யோசித்துப் பார்த்தான். காது கேட்காதவளுக்குக் குரல் கேட்டதாகச் சொன்னது தப்பு, அந்தக் குரல் உண்மையிலேயே இருந்திருக்கிறது, ஆனால் அவள் பார்த்த காப்பியில் இல்லை. இதைச் சொன்னால் அவனைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்.

மீதி இருந்த ஒன்று, பதின்மூன்றாவது எபிசோடின் கடைசிக் கதவு. பட்டியலின் கடைசிப் பக்கத்தில் அந்த இடத்தில், வீட்டுக்காரம்மா, இந்த வீட்டைக் கட்டினதிலிருந்து நான் ஒருநாள் வெளியே போனதில்லை, போய்விட்டு வரணும்போல் இருக்கிறது, வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்கிறாள். அதன் கீழே அடைப்புக்குறிக்குள், நான்கு நொடி அமைதி என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே, கடைசி வரி, மறுபடி வீட்டுக்காரம்மா: ரொம்ப நன்றிம்மா.